குடும்பம் எண் நான்கு

எங்கள் குடும்பத்துக்கு ராட்ஸ்கே என்று ஒரு பெயர் உண்டு. ஆறு தலைமுறையாக அந்தப் பெயரைத் திராட்சைத் தோட்டத்து வாயிலிலும், பீப்பாய் மூடிகளிலும், லூத்தரன் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள கல்லறைகளிலும் பொறித்து வந்திருக்கிறோம். பத்து வருடங்களுக்கு முன் அடிலெய்டு நகரத்து ரத்த மரபியல் ஆய்வு மையம் எங்களுக்கு வேறொரு பெயர் வைத்தது. குடும்பம் எண் நான்கு.

எனக்கு முதலில் உறுத்தியது அந்த எண்தான். எங்களுக்கு முன்னால் நிற்கும் மூன்று குடும்பங்கள் யார் என்று எழுதிக் கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்று பதில் வந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்றாவது சொல்லலாமே என்று எழுதினேன். அதற்கும் அனுமதியில்லை. எங்களைவிட மூத்த குடும்பங்களா என்று மூன்றாவது கடிதம் போட்டேன். என் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு சாவி வளையம் அனுப்பினார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் பழைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் இருக்கும். கப்பலில் வந்து இறங்கியவரில் தொடங்கி, யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எந்தத் தேதியில் அடக்கமானார் என்று வரிசையாக எழுதியிருக்கும். ராட்ஸ்கே புத்தகத்தைத் தொகுத்தவன் எர்ஹார்ட்டாகிய நான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் பிழை இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர் கிடையாது.

எங்களில் சிலருக்குக் காரணமில்லாமல் மூக்கில் ரத்தம் வரும். மேசை முனையில் இடித்துக்கொண்டால் கன்றிய நீலம் மறைய ஒரு மாதமாகும். அவர்களில் சிலர் மைலாய்டு என்ற வகை ரத்தப் புற்றுநோய் வந்து இறந்தார்கள். என் தந்தை, என் அக்கா ஹுல்டா. புத்தகத்தில் இதையெல்லாம் 'குறுகிய கால உடல்நலக் குறைவு' என்று குறித்திருந்தேன். ஒரு குடும்பத்தின் ரத்தத்தைப் பற்றி ஊர் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஆய்வு மையத்துக்குப் பிடித்தது. பதினொரு வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பக் கூடுகைக்கு ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பித்தளை வாத்தியக் குழு வாசித்து முடித்ததற்கும் கேக் வெட்டியதற்கும் இடையில் அறுபத்து மூன்று கைகளிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ஒப்புதல் படிவம் நாற்பத்தாறு பக்கம். என் மகன் கொன்ராட், பதினேழு வயது மகன் கார்லுக்காகவும் பதினான்கு வயது மகள் லேனாவுக்காகவும் கையெழுத்துப் போட்டான்.

"படிச்சுப் பாத்தீங்களாப்பா?" என்று கார்ல் கேட்டான்.

"படிச்சுட்டு இருந்தா கேக் தீந்துடும்டா. கைய நீட்டு."

அடுத்த வருடம் எங்கள் ரத்தத்தில் பழுதுள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவித்தார்கள். எங்களில் யாரிடம் அது இருக்கிறது என்று எங்களுக்கு மட்டும் அறிவிக்கவில்லை. அதற்கு மூன்று வருடம் கழித்துக் கொன்ராட் அதே நோயில் இறந்தான். ஆய்வு மையம் தவறாமல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியது: 'அன்புள்ள பங்கேற்பாளரே.'

இந்த வருடம் ஜூலைக் குளிரில், கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது, லேனாவுக்கும் நோய் வந்துவிட்டது. இருபத்தைந்து வயது. மருந்து ஏற்றி ஏற்றித் தலைமுடி போய், நோய் கொஞ்சம் பதுங்கியது. மருத்துவமனையில் டாக்டர் துய் எங்களை உட்கார வைத்துப் பேசினார். சின்ன உருவம். சுற்றி வளைக்காத பேச்சு.

"அண்ணனோட எலும்பு மஜ்ஜை லேனாவுக்கு அச்சு அசலாப் பொருந்துது. ஆனா அவர்கிட்டயும் அந்தப் பழுது இருந்தா, வெளிய எடுத்த நோயத் திரும்ப உள்ள வெச்ச மாதிரி ஆயிடும். ஜெர்மனியில முகம் தெரியாத ஒருத்தர் கொடுக்கத் தயாரா இருக்கார். பொருத்தம் ஒரு படி கம்மி. அண்ணன் சுத்தம்னா அண்ணன்தான். இல்லன்னா ஜெர்மனி."

"சோதிச்சுப் பாத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"புதுசாச் சோதிக்க ஆறு வாரம் சார். நோய் அதுவரைக்கும் பதுங்கியே இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள நான் முடிவு பண்ணணும். அண்ணனோட சோதனை முடிவு ஆய்வு மையத்துல பத்து வருஷமாத் தூங்குது. எழுதிக் கேட்டேன்."

பதிலைக் காட்டினார். அப்படியொரு குடும்பம் இருப்பதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலாது என்று இருந்தது.

லேனா படுக்கையிலிருந்து சொன்னாள்: "நீங்க நேர்ல போங்க தாத்தா. நீங்க முறைச்சா பாஸ்டரே பிரசங்கத்தப் பாதியில முடிச்சுக்குவார்."

கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கார்லைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆய்வு மையத்தின் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். "என் பெயர்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லிடாதீங்க சார்! உங்க பேர் என் காதுல விழவே கூடாது."

"விழுந்தா?"

"நான் அரை நாள் பயிற்சிக்குப் போகணும்."

பெயரில்லாமல் எங்களை மேலே அனுப்பினாள். பங்கேற்பாளர் நல்லுறவுப் பிரிவின் மேலாளர் திருமதி டிரெவின் எங்களுக்காகக் காத்திருந்தார். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடித் தண்ணீர்க் குவளை, கண்ணீர் துடைக்க ஒரு பெட்டிக் காகிதம். பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன்.

"உங்க மனசு எனக்குப் புரியுது. இங்க எல்லாருக்கும் புரியுது. புரிஞ்சுக்கறதுக்குன்னே போன வருஷம் ஒரு கருத்தரங்கு வெச்சோம்" என்றார். "ஆனா ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தெரியாமலிருக்கும் உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அத உயிரக் கொடுத்துக் காப்பாத்துவோம்."

"யார் உயிரை?" என்று கேட்டேன்.

அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

கார்ல் முன்னால் சாய்ந்தான். "மேடம், அந்த உரிமை எனக்கு வேணாம். எடுத்துக்குங்க."

"உரிமையத் திருப்பி வாங்க எங்ககிட்ட படிவம் இல்லையே. அதோட ரத்தம் கொடுத்தப்போ நீங்க மைனர். உங்க அப்பா கையெழுத்துப் போட்டிருக்கார். மாத்தணும்னா அவர்தான் மாத்தணும்."

"அப்பா இறந்து ஏழு வருஷமாச்சு."

"வருத்தமா இருக்கு" என்று சொல்லிப் பெட்டியை இம்முறை கார்ல் பக்கம் தள்ளினார். "அதுக்கும் வழி இருக்கு. அவரோட கடைசி முகவரிக்கு மாசத்துக்கு ஒண்ணா மூணு கடிதம் அனுப்புவோம். மூணுக்கும் பதில் வரலன்னா, தொடர்புகொள்ள இயலாதவர்னு அறிவிச்சு, நெறிமுறைக் குழுவோட பார்வைக்கு வெப்போம்."

"பதில் வந்துட்டா?" என்றான் கார்ல்.

"வேலை ரொம்பச் சுலபமாயிடும்" என்று அவர் மலர்ந்தார்.

நெறிமுறைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுமாம். சென்ற கூட்டத்தில் புதிய முத்திரையின் நிறத்தை விவாதித்தார்களாம். பழைய சிவப்பு, ரத்த நோயாளிகளின் மனத்தைப் புண்படுத்தும் என்று ஒரு உறுப்பினர் அழுதுவிட்டாராம். நீலமாக்கியிருக்கிறார்கள்.

நான் எழுந்து நின்றேன். எழுபத்தொன்பது வயதிலும் எனக்கு முதுகு வளையவில்லை. "அம்மா, என் பேத்தி வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறாள். உங்கள் மேலதிகாரி எங்கே?"

மேலதிகாரி பேராசிரியர் காலோவே மாடிப்படியிலேயே எதிர்ப்பட்டார். உயரமானவர். எந்த நேரமும் புகைப்படத்துக்கு நிற்பது போலவே நிற்பவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எண் நாலு! உங்களாலதான் நான் இன்னிக்குப் பேராசிரியர். வியாழக்கிழமை கண்டுபிடிப்போட பத்தாம் ஆண்டு விழா. நீங்க குடும்பத்தோட குரலா வந்து உட்காரணும். நெறிமுறைக் குழுத் தலைவரும் வர்றார். அவர்கிட்டயே பேசிடலாம்."

பேசலாம் என்ற ஒரு சொல்லை நம்பிப் போனோம். என்னோடு கார்லும், என் கடைசித் தம்பி மார்ட்டினும் வந்தார்கள். மார்ட்டினுக்கு அறுபத்தேழு வயது. சாப்பாடு உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, அழைக்காமலே காரில் ஏறிக்கொண்டான்.

கூடத்தின் ஒரு மூலையில் எங்களுக்கென்று வெள்ளைத் துணித் திரை கட்டியிருந்தார்கள். அதற்குள் மூன்று நாற்காலி. எங்கள் முகம் விருந்தினருக்குத் தெரிந்துவிடக் கூடாது. எங்களுக்கு அவர்கள் தெரிவதில் ஆட்சேபணை இல்லை என்பதால் கண் மட்டத்தில் துணியைக் கொஞ்சம் கிழித்து வைத்திருந்தார்கள். இருநூறு பேராசிரியர்கள் கையில் கோப்பையோடு நின்றார்கள். மேசைகளில் வரிசையாக எங்கள் தோட்டத்து ஷிராஸ் ஒயின் புட்டிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பெரிய எழுத்தில் ராட்ஸ்கே.

"அண்ணே, நம்ம பேர எல்லாரும் குடிக்கிறாங்க. ஆனா நாமதான் ரகசியம்" என்றான் மார்ட்டின், வாயில் பாலாடைக்கட்டியோடு.

கூடத்தின் எதிர்ச்சுவர் முழுவதும் கண்ணாடி. அதில் விளக்கு போட்டு ஒரு குடும்ப வரைபடம். பேராசிரியர் காலோவே அதன் முன்னால் ஏறி நின்றார்.

"நண்பர்களே! வழக்கமா இந்த மாதிரிப் படத்துல ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுவாங்க. நாம எல்லாரையும் சாய்சதுரமா ஆக்கிட்டோம். ஆணா பெண்ணான்னு தெரியாது. மூத்தவர் இளையவர் வரிசையக் கலைச்சுட்டோம். பழுதுள்ளவங்க கறுப்பு. இல்லாதவங்க வெள்ளை. இறந்தவங்க மேல ஒரு கோடு. இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால ஒரு மனுஷர் இருக்கார். அவர் யாருன்னு நமக்குத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. அதுதான் நம்ம நேர்மை! அந்தக் குடும்பமே இப்ப இந்தக் கூடத்துல உட்காந்திருக்கு. அவங்களால கூடத் தங்களக் கண்டுபிடிக்க முடியாது!"

கை தட்டினார்கள். நெறிமுறைக் குழுத் தலைவர் அடுத்து எழுந்தார். "அறிவு ஆபத்தானது. அத யார்கிட்டயும் கொடுக்காம வெச்சிருக்கற பாரத்த இந்தக் குழு பத்து வருஷமாச் சுமக்குது. ஒரு தடவகூடக் கீழ போட்டதில்ல" என்றார். அவருக்கும் கை தட்டினார்கள். அவருக்கு ஒரு நீலக் கேடயம் தந்தார்கள்.

கார்ல் துணிக் கிழிசலில் கண்ணை வைத்துச் சுவரை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இது நாம இல்ல தாத்தா. உங்க வரிசையப் பாருங்க. நாலு பேர்தான் இருக்காங்க. ஹுல்டா, நீங்க, ஆஸ்வின், கிளாரா, மார்ட்டின். அஞ்சு பேர் ஆச்சே. வேற யாரோட படமோ."

நானும் பார்த்தேன். நான்கு சாய்சதுரம். அந்த நான்கில் ஒன்றின் கீழே, துணை யாரும் இல்லாமல், தனியாக ஒரு கோடு இறங்கி ஒரு வெள்ளைக் கட்டத்தில் முடிந்தது.

படம் சரியாகத்தான் இருந்தது. தவறாக இருந்தது என் புத்தகம். நூற்றெட்டாம் பக்கம்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஹுல்டா அக்காவுக்கு 'குளிர்காற்று' தேவைப்பட்டு மலைப்பக்கம் அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்த வாரம் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்ததாகத் தேவாலயத்தில் அறிவித்தார்கள். மார்ட்டின் என்று பெயர் வைத்தார்கள். அப்பா இறக்கும்போது என்னை அருகில் கூப்பிட்டு, அது வெளியே போகக் கூடாது என்று வாக்கு வாங்கினார். அன்றிலிருந்து அந்த வாக்கை நான் விறைப்பாகக் காத்திருக்கிறேன். இப்போது அதை உடைக்காமல் அந்தச் சுவரைப் படிக்க முடியாது. படிக்காமல் நாளை டாக்டருக்குப் பதில் இல்லை.

மார்ட்டினைப் பார்த்தேன்.

"சொல்லிடுண்ணே" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடியே. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?"

"ஹுல்டா எனக்கு அக்கா இல்லன்னு."

"யார் சொன்னது?"

"யார் சொல்லல? பேக்கரியில சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. வாத்தியக் குழுவுல மேளம் அடிக்கிறவன் சொன்னான். உன் புத்தகம் வந்தன்னிக்கு ஊரே வாங்கிட்டுப் போய் அந்தப் பக்கத்தத்தான் முதல்ல திறந்துச்சு. எர்ஹார்ட் எப்படிச் சமாளிச்சு எழுதியிருக்கான்னு பாக்கணும்ல."

இவ்வளவு வருடம் நான் காவல் நின்றது திறந்து கிடந்த வீட்டுக்கு. கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் திரையைப் பிடித்து இழுத்தேன். அது கம்பியோடு விழுந்தது.

"பங்கேற்பாளர் வெளிய வந்துட்டார்!" என்று திருமதி டிரெவின் கத்தினார். "எல்லாரும் திரும்பிக்குங்க! யாரும் பாக்காதீங்க!"

இருநூறு பேராசிரியர்களும் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டினார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவே நான் சுவர் வரை நடந்தேன்.

"என் பெயர் எர்ஹார்ட் ராட்ஸ்கே" என்றேன். எங்கேயோ ஒரு கோப்பை உடைந்தது. "இது என் அக்கா ஹுல்டா. கறுப்பு. இறந்துவிட்டாள். கீழே இருப்பது அவள் பெற்ற மகன் மார்ட்டின். வெள்ளை."

"வெள்ளையா?" என்றான் மார்ட்டின் பின்னாலிருந்து. "அட, ஒவ்வொரு ஜலதோஷத்துக்கும் பயந்து செத்தேனேண்ணே!"

"ஆறு பிள்ளைகளோடு இருப்பவள் தங்கை கிளாரா. வெள்ளை. கீழே யாரும் இல்லாதவன் தம்பி ஆஸ்வின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அது நான்."

என் கட்டம் கறுப்பாக இருந்தது. கோடு இல்லை. எழுபத்தொன்பது வருடம் என்னை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, என் வழியாக இறங்கிப் போயிருக்கிறது. எங்கள் ரத்தத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று நான் வாயடைத்த ஆட்களெல்லாம் நினைவுக்கு வந்தார்கள்.

"எனக்குக் கீழே என் ஒரே மகன் கொன்ராட். கறுப்பு. இவனுக்கு மூன்று கடிதம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கப் போவதாகச் சொன்னீர்கள். இங்கே கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்."

அதற்கும் கீழே இரண்டு கட்டங்கள். எது அண்ணன், எது தங்கை என்று வரிசையைக் கலைத்திருந்தார்கள். கலைத்ததில் பயனில்லை. இரண்டும் கறுப்பு.

கார்ல் பக்கத்தில் வந்து நின்றான். சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முதுகுகளைப் பார்த்தான்.

"திரும்புங்க எல்லாரும்" என்றான். "கறுப்புக் கட்டம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துக்குங்க. என் பேர் கார்ல். டிராக்டர் ஓட்டுவேன்."

சிலர் திரும்பினார்கள். பேராசிரியர் காலோவே சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், "ரொம்ப நெகிழ்ச்சியான நிகழ்ச்சி. அடுத்து இனிப்பு பரிமாறப்படும்..." என்று தொடங்கினார்.

"இல்ல சார்!" திருமதி டிரெவின் விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இது தனியுரிமை மீறல்! ஒரு பங்கேற்பாளரோட மருத்துவத் தகவல் பொது இடத்துல வெளியாயிடுச்சு. இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள, எந்தத் தகவல் வெளியாச்சுன்னு பாதிக்கப்பட்டவருக்கு எழுத்து மூலமா, முழுசா, முத்திரையோட தெரிவிக்கணும்!"

"டிரெவின், உட்காருங்க."

"தெரிவிக்கலன்னா மையத்தோட உரிமமே போயிடும் சார்!"

நெறிமுறைக் குழுத் தலைவர் கேடயத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விதியை இரண்டு முறை படித்தார். முழுசா என்றுதான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீல முத்திரையோடு கார்லுக்குக் கடிதம் வந்தது. தகவல் வெளியானதற்கு அதில் நான்கு இடத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார்கள். நடுவில், வருத்தம் எதுவும் சேர்க்காமல், ஒரே ஒரு வரி: வெளியான தகவல், தங்களிடம் மேற்படி மரபணுப் பழுது உள்ளது என்பதாகும்.

டாக்டர் துய் அந்த வரியை நகத்தால் கோடிட்டார். கார்லிடம், "உங்களுக்கும் இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாக்கணும். வராம இருந்தீங்கன்னா தோட்டத்துக்கே வந்து குத்துவேன்" என்றார். உடனே ஜெர்மனிக்குத் தொலைபேசி போட்டார்.

கார்ல் தங்கையின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "என்னுது உனக்கு ஆகாதாம்."

"உன் பழைய சைக்கிள்கூட எனக்கு ஆகல" என்றாள் லேனா. அவன் கையை மட்டும் அவள் விடவில்லை.

ஆகஸ்டில் முகம் தெரியாத அந்த மனிதரின் மஜ்ஜை ஒரு சின்னப் பையில் வந்தது. இருபத்தாறாம் நாள் லேனாவின் ரத்தத்தில் புதிய அணுக்கள் எட்டிப் பார்த்தன. இன்னும் ஆபத்து தாண்டவில்லை என்று டாக்டர் சொல்கிறார். லேனா மட்டும் மருத்துவமனைச் சூப்பைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அக்டோபரில், கொடிகள் துளிர்த்த பிறகு, ஆய்வு மையத்திலிருந்து எனக்கு ஒரு உறுதிமொழிப் படிவம் வந்தது. கண்ணாடிச் சுவரைப் போர்வை போட்டு மூடியிருக்கிறார்களாம். மீண்டும் திறக்க வேண்டுமென்றால் நான் ஒப்பமிட வேண்டுமாம்: 'இனி எந்த வரைபடத்திலும், எந்தச் சூழ்நிலையிலும், என் குடும்பத்தினரை நான் அடையாளம் காணமாட்டேன்.'

ஆறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். மார்ட்டின், "போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருண்ணே, அவங்க வந்து பாக்கவா போறாங்க" என்றான். 'அண்ணே' என்று அழைப்பதை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.

ஒப்பமிடவில்லை. லேனா அறுபதாம் நாள் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று மேசையில் இருந்தது. மொட்டைத் தலை, ஊசி குத்தி நீலம் பாய்ந்த கை, புகைப்படக்காரரைப் பார்த்து நீட்டிய நாக்கு. அதை உறையில் வைத்துப் படிவத்தோடு திருப்பி அனுப்பினேன். படத்தின் பின்புறம் மையால் எழுதினேன்: 'இவள் என் பேத்தி லேனா. எந்தச் சுவரில் எப்படி வரைந்து வைத்தாலும் அடையாளம் காண்பேன். எர்ஹார்ட் ராட்ஸ்கே.'